மன்னாரை எத்தனை தாளில் அடக்குவது? ஆர்க்ஜிஐஎஸ் புரோவும் கியூஜிஐஎஸும்: ஓர் ஒப்பாய்வு

மன்னார் மாவட்டத்தில் 5 பிரதேச செயலகப் பிரிவுகள், 153 கிராம அலுவலர் பிரிவுகள். பிரிவுக்கு ஒரு பக்கம் என்று ஓர் அட்லஸ் போட முனைந்தால் 153 பக்கங்கள் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வேறு, அளவுத்திட்டம் வேறு, அயல் பிரிவுகளின் பக்க எண்கள் வேறு. அத்தனையையும் தனித்தனியாக வரைந்து முடித்த பிறகு ஒரு வீதியின் நிறத்தை மாற்றச் சொன்னால், 153 பக்கங்களையும் மறுபடி திறக்க வேண்டியதுதான். தேசப்பட மென்பொருள்கள் இந்தச் சுமையை இறக்கிவைக்கின்றன. ஒரே ஒரு பக்கத்தை வடிவமைத்து, அது எந்தெந்த இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்பதை ஒரு சுட்டு அடுக்கால் காட்டிவிட்டால் போதும். மற்றப் பக்கங்களை மென்பொருளே நிரப்பித் தரும்.

இந்த வேலைக்கு இன்று பெரும்பாலானோர் நாடுவது இரண்டு மென்பொருள்களை. ஒன்று, எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் புரோ. அதில் இந்த வசதிக்குப் பெயர் 'மேப் சீரீஸ்'. மற்றது, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருளான கியூஜிஐஎஸ். அதில் இதற்குப் பெயர் 'அட்லஸ்'. எது உயர்ந்தது என்று பொதுப்படக் கேட்டால் விடை கிடைக்காது. மன்னார்த் தீவையும் அதன் கரையோரத்தையும் முன்வைத்துக் கேட்டால் தெளிவான விடை கிடைக்கிறது. ஏனெனில் மன்னார் ஓயாமல் மாறும் இடம். தலைமன்னாருக்கு அப்பால் இராமர் பாலத்து மணற்தீடைகள் அலைக்கும் காற்றுக்கும் இடம்பெயர்கின்றன. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. 2015 இல் தலைமன்னார் ரயில் பாதை மீண்டும் திறந்தது. அதே ஆண்டில் இராமர் பாலம் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. போரில் பெயர்ந்தவர்கள் திரும்பிவந்து முசலியிலும் மாந்தை மேற்கிலும் குடியேறினார்கள். இப்படிப்பட்ட இடத்தின் அட்லஸ் ஒருமுறை அச்சிட்டால் தீர்ந்துவிடாது. அதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். ஆகவே இந்த ஒப்பாய்வில் கடைசியில் நிற்கும் அளவுகோல் ஒன்றே: அடுத்த பதிப்பை யார், எவ்வளவு எளிதாகப் போடமுடியும்?

இரண்டின் பின்னணி

தாள்தாளாகத் தேசப்படம் வெட்டுவது இலங்கைக்குப் புதிதன்று. 1800 ஓகஸ்ட் 2 இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம் நாடு முழுவதையும் மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் 72 தாள்களிலும், பின்னர் 1:50,000 அளவில் 92 தாள்களிலும் அடக்கியது. தேசிய அட்லஸ் 1988 இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2007 இல். பாடசாலையில் இடவிளக்கப்படம் வாசிக்கக் கற்ற எவருக்கும் அந்தத் தாள்களின் ஒழுங்கு தெரிந்திருக்கும்.

மென்பொருளில் இந்த வசதி அண்மைக்காலத்தில்தான் முதிர்ந்தது. எஸ்ரியின் பழைய ஆர்க்மேப்பில் 2010 இல் 'டேட்டா டிரிவன் பேஜஸ்' வந்தது. ஆர்க்மேப்புக்கான ஆதரவை 2026 மார்ச்சுடன் நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்ததால், பழைய பயனர்களும் 2015 இல் வெளிவந்த புரோவுக்கு மாறவேண்டியதாயிற்று. கியூஜிஐஎஸை 2002 இல் கேரி ஷெர்மன் தொடங்கினார். அதன் அட்லஸ் வசதி 2013 இல் வெளிவந்த 2.0 பதிப்பில் மென்பொருளுக்குள்ளேயே சேர்ந்தது. 2018 இன் 3.0 பதிப்பில், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு என்று படிப்படியாக உட்பிரிந்து செல்லும் 'ரிப்போர்ட்' வசதியும் வந்தது.

தாள் வெட்டும் முறை

முதலில் தீவின் உருவத்தைப் பார்க்க வேண்டும். மன்னார்த் தீவு ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமானது. அகலம் சில கிலோமீற்றர்தான். தென்கிழக்கே மன்னார் நகரம், வடமேற்கே தலைமன்னார், இடையில் எருக்கலம்பிட்டி, பேசாலை என்று சாய்வாகக் கிடக்கிறது.

ஏ3 தாளில் 38 சென்ரிமீற்றர் நீளமும் 25 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட சட்டத்தை 1:25,000 அளவுத்திட்டத்தில் வைத்தால், ஒரு தாளுக்குள் 9.5 கிலோமீற்றருக்கு 6.25 கிலோமீற்றர் நிலம் அடங்கும். வடக்கு மேலே இருக்கும்படி வழமையான கட்டங்களாக வெட்டினால் தீவைச் சுற்றி 9 கட்டங்கள் வருகின்றன. வடகிழக்கு மூலையும் தென்மேற்கு மூலையும் வெறும் கடல். மிச்சமுள்ளவற்றிலும் சிலவற்றில் நிலம் ஓர் ஓரத்தில் மட்டும் எட்டிப்பார்க்கும். பேசாலையில் நிற்பவர் மேற்கே நடந்தால் தாளை மேலும் கீழுமாகப் புரட்ட வேண்டியிருக்கும். இதே சட்டத்தைத் தீவின் முதுகெலும்பை ஒட்டிச் சாய்த்து வைத்தால், ஒன்றோடொன்று சற்று மேற்படியும் மூன்று அல்லது நான்கு தாள்களில் தீவு முழுவதும் அடங்கிவிடும். இடப்பக்கம் தலைமன்னார், வலப்பக்கம் மன்னார் நகரம் என்று நேராக வாசித்துப் போகலாம்.

இந்தச் சாய்வுத் தொடரில் ஆர்க்ஜிஐஎஸ் புரோ தெளிவாக முந்துகிறது. 'ஸ்ட்ரிப் மேப் இன்டெக்ஸ் ஃபீச்சர்ஸ்' என்ற கருவியிடம் ஒரு கோட்டையும் அளவுத்திட்டத்தையும் மேற்படிவு வீதத்தையும் கொடுத்தால், கோட்டின் வழியே சட்டங்களை அதுவே அடுக்கிவிடும். ஒவ்வொரு சட்டத்துக்கும் பக்க எண், முந்திய பக்கம், அடுத்த பக்கம், சாய்வுக் கோணம் ஆகியவை தனித்தனிப் புலங்களாக வந்துவிடும். மேப் சீரீஸில் அந்தக் கோணப் புலத்தைச் சுழற்சிக்குக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஏ14 வீதி, ரயில் பாதை, கால்வாய், கரையோரம் என்று நீண்டு கிடக்கும் எதற்கும் இது பொருந்தும். சதுரக் கட்டங்களுக்கு 'கிரிட் இன்டெக்ஸ் ஃபீச்சர்ஸ்' என்ற தனிக்கருவி உண்டு. நிலத்தைத் தொடாத கட்டங்களை அதுவே விட்டுவிடும்.

கியூஜிஐஎஸில் இதற்கென ஒற்றைக் கருவி உள்ளே இல்லை. மூன்று படிகளில் செய்யவேண்டும். தீவின் நடுவே ஒரு கோடு வரைந்து, 'பாயின்ட்ஸ் அலாங் ஜியோமெட்ரி' கொண்டு சம தூரத்தில் புள்ளிகள் இட வேண்டும். அந்தப் புள்ளிகளோடு கோட்டின் திசைக்கோணமும் ஒரு புலமாகச் சேர்ந்து வரும். பிறகு அந்தப் புள்ளிகளைச் சுற்றி, கோணத்துக்கு ஏற்பச் சாய்ந்த செவ்வகங்களை ஆக்க வேண்டும். இறுதியாக, லேஅவுட்டில் படத்தின் சுழற்சிக்கு '90 கழித்தல் கோணம்' என்ற கோவையை எழுத வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கோட்டைத் தலைமன்னாரில் தொடங்கி மன்னார் நகரம் நோக்கி வரைந்தால், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம் ஏறத்தாழ 117 பாகை. 90 கழித்தல் 117 என்பது எதிர்மறையில் 27. படம் இடஞ்சுழியாக 27 பாகை சாய்ந்து, தீவு கிடையாகப் படுத்துக்கொள்ளும். மாறாக மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னார் நோக்கி வரைந்தால் கோணம் 297 பாகை ஆகிவிடும். அப்போது படம் ஏறத்தாழத் தலைகீழாகப் புரண்டு, தெற்கு மேலே வந்து நிற்கும். எழுத்துகள் நேராகவே இருப்பதால் பார்த்தவுடன் பிழை தெரியாது. பேசாலைக் கரையும் தாழ்வுபாட்டுக் கரையும் பக்கம் மாறிக் கிடப்பதைக் கண்ட பிறகுதான் புரியும். வடக்குக் குறியைப் படத்தின் சுழற்சியோடு இணைத்துவைப்பது இதற்கு நல்ல காவல்.

153 பக்கங்களும் அளவுத்திட்டமும்

கிராம அலுவலர் பிரிவுவாரி அட்லஸில் சிக்கல் வேறு. மன்னார் நகரத்தை அண்டிய பள்ளிமுனை, உப்புக்குளம் போன்ற பிரிவுகள் சிறியவை. மடுவிலும் முசலியிலும் காட்டையும் குளங்களையும் உள்ளடக்கிய பிரிவுகள் பல மடங்கு பெரியவை. ஒவ்வொன்றையும் தாள் நிறையப் பெருப்பித்தால் பக்கத்துக்குப் பக்கம் அளவுத்திட்டம் மாறும். ஒன்றில் 1:7,312, அடுத்ததில் 1:41,870 என்று கணக்கில் வராத எண்கள் விழும். அடிமட்டம் வைத்து அளக்க முடியாத படம் கச்சேரிக்கும் உதவாது, களத்துக்கும் உதவாது. எல்லாவற்றையும் ஒரே அளவுத்திட்டத்தில் வைத்தாலோ சிறிய பிரிவு தாளின் நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கும். பெரிய பிரிவு தாளை மீறும்.

இரண்டு மென்பொருளும் இதற்கு வழி வைத்திருக்கின்றன. புரோவில் அளவுத்திட்டத்தை அருகிலுள்ள முழு எண்ணுக்கு உயர்த்தலாம். சுட்டு அடுக்கின் ஒரு புலத்தில் பக்கத்துக்குப் பக்கம் எழுதிவைத்து அங்கிருந்து எடுக்கவும் சொல்லலாம். கியூஜிஐஎஸில் 'முன்வரையறுத்த அளவுத்திட்டம்' என்ற தெரிவு உண்டு. 5,000, 10,000, 25,000, 50,000 என்று நான்கு எண்களைப் பட்டியலில் கொடுத்தால், ஒவ்வொரு பிரிவுக்கும் பொருந்துவதில் மிகப் பெரிய அளவை மென்பொருளே தேர்ந்துகொள்ளும். 153 பக்கங்களும் நான்கே அளவுத்திட்டங்களுக்குள் அடங்கிவிடும். கியூஜிஐஎஸில் தாளின் நெடுக்கு-கிடை அமைப்பைப் பிரிவின் உருவத்துக்கு ஏற்பப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றவும் முடியும். புரோவின் லேஅவுட்டில் தொடர் முழுவதற்கும் ஒரே தாளளவுதான். பிரிவுகள் பல உருவங்களில் கிடக்கும் மாவட்டத்தில் இது சிறிய வசதியன்று.

அயல் பக்கங்களின் எண்களை ஓரத்தில் காட்ட, புரோவில் 'கல்குலேட் அட்ஜேசன்ட் ஃபீல்ட்ஸ்' என்ற கருவி எட்டுத் திசைக்கும் புலங்களை நிரப்பித் தரும். கியூஜிஐஎஸில் அதே வேலையை ஒரு கோவை எழுதிச் செய்யவேண்டும். கோவை எழுதப் பழகியவருக்குக் கியூஜிஐஎஸ் மிகுந்த சுதந்திரம் தருகிறது. பழகாதவருக்குப் புரோவின் ஆயத்தக் கருவிகளே கைகொடுக்கும்.

ஆள்கூறுகள்

மன்னாருக்குத் தரவு பல கைகளிலிருந்து வருகிறது. பழைய தரவு கண்டாவளை ஆதாரத்திலும் புதியது 1999 ஆம் ஆண்டின் இலங்கை ஆள்கூற்று முறையிலும் இருக்கும். இரண்டிலும் தொடக்கப் புள்ளி பிதுருதலாகலைதான். ஆனால் பழைய முறையில் அதற்கு 200,000 மீற்றர் என்றும், புதிய முறையில் 500,000 மீற்றர் என்றும் மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். பழைய தரவைப் புதியது என்று தவறாகக் குறித்துவிட்டால் மன்னார் நகரம் மேற்கே 300 கிலோமீற்றரும் தெற்கே 300 கிலோமீற்றரும் தள்ளிப்போய், குமரிமுனைக்குத் தெற்கே நடுக்கடலில் விழும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். இரண்டு ஆதாரங்களுக்கும் இடையிலான சில மீற்றர் விலகலோ கண்ணில் படாமல் போகலாம். புரோவும் கியூஜிஐஎஸும் இரண்டு முறைகளையும் அறிந்தவை. ஈபிஎஸ்ஜி குறியெண் 5234 பழையது, 5235 புதியது. இந்த அளவுகோலில் இரண்டும் சமம். கவனமாக இருக்கவேண்டியவர் படம் செய்பவர்.

தமிழ்ப் பெயர்கள்

மன்னார் மக்களுக்கான அட்லஸில் ஊர்ப்பெயர் தமிழில் இருக்க வேண்டும். இதில் இரண்டு மென்பொருளும் தோற்பதில்லை. யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்தால் இரண்டும் தமிழைச் சரியாகவே வரைகின்றன. தோற்பது பெரும்பாலும் நாம் தரவைச் சேமிக்கும் முறை.

ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பெயர்ப்புலத்தின் நீளம் பைட் கணக்கில் குறிக்கப்படுகிறது. யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். எருக்கலம்பிட்டி என்ற பெயர் கண்ணுக்கு 9 எழுத்து. ஆனால் மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்யில் வரும் உகர இகரக் குறி தனி என்று எண்ணினால் அது 15 குறியீடுகள். அதாவது 45 பைட். ஆங்கிலப் பெயருக்குப் போதும் என்று 20 பைட் ஒதுக்கிய புலத்தில் இந்தப் பெயரை இட்டால் 'எருக்க' என்பதற்கு மேல் முழுசாக ஏறாது. புலத்தின் தலைப்புக்கு அந்த வடிவம் தருவது 10 பைட் மட்டுமே. அது தமிழில் மூன்று குறியீடு. ஜியோபேக்கேஜ் வடிவத்தில் இந்தத் தடைகள் இல்லை. கியூஜிஐஎஸ் புதிய அடுக்குகளுக்கு அதையே முதலில் முன்வைக்கிறது. புரோவும் அதைத் திறக்கும். அதற்கு இயல்பானது அதன் சொந்த ஜியோடேட்டாபேஸ். அதிலும் தமிழ் பழுதின்றி நிற்கும்.

இரண்டாவது இடர் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துரு. இலங்கை அலுவலகங்களில் ஆண்டாண்டு காலமாகப் பாமினியில் தட்டச்சான பட்டியல்கள் ஏராளம். அவற்றை அப்படியே தேசப்படத்தில் ஏற்றினால், பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித் தெரியும். ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, பெயரின் எழுத்துக்கூட்டை நம்பி இரண்டு அட்டவணைகளை இணைக்கக் கூடாது. ஒரே ஊரை ஒரு பட்டியல் ஒருவிதமாகவும் மற்றது வேறுவிதமாகவும் எழுதியிருக்கும். கிராம அலுவலர் பிரிவின் குறியீட்டு எண்ணைக் கொண்டே இணைக்க வேண்டும்.

அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்பும்போது கியூஜிஐஎஸில் எழுத்துகளை உருவரையாக மாற்றும் தெரிவும், புரோவில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கும் தெரிவும் உண்டு. தமிழ் நூல் அச்சிடுவோர் இவற்றை மறக்கக் கூடாது. இரண்டு மென்பொருளும் ஆள்கூறு பதித்த பிடிஎஃப்பையும் தரும். அதைக் கைபேசியில் வைத்துக்கொண்டால், இணைய இணைப்பு இல்லாத காட்டுப் பகுதியிலும் தாம் நிற்கும் இடத்தைத் தாளில் காணலாம்.

அடுத்த பதிப்பை யார் போடுவது?

ஆர்க்ஜிஐஎஸ் புரோ விண்டோஸ் கணினியில் மட்டும் ஓடும். அதற்கு உரிமம் வாங்க வேண்டும். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். உரிமம் உள்ள அலுவலகத்தில் அது உறுதியான கருவி. கைநூல்கள் தெளிவானவை, உதவி கேட்க இடம் உண்டு, கருவிகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஆனால் ஒரு திட்டத்தின் நிதியில் வாங்கிய உரிமம் அந்தத் திட்டத்தோடு போய்விடும். அட்லஸை வடிவமைத்த கோப்பு கணினியில் கிடக்கும், திறக்கத்தான் ஆளிருக்காது. போருக்குப் பிந்திய வடக்கில் உதவித் திட்டங்கள் வந்துபோன வேகத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

கியூஜிஐஎஸ் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஒரு பாடசாலை ஆசிரியரும், மீனவர் சங்கத்தின் கணக்கெழுதும் இளைஞரும், பல்கலைக்கழக மாணவியும் அதே கோப்பைத் தம் கணினியில் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், மறுபடி 153 பக்கங்களையும் எடுக்கலாம். கரவலைப் பாடுகளின் பெயர்கள், படகு இறங்குதுறைகள், ஊர்க் கிணறுகள் போன்றவை எந்தத் திணைக்களத்தின் தாளிலும் முழுமையாக இல்லை. அவற்றை அறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கையிலேயே திருத்தும் வசதி இருந்தால்தான் அட்லஸ் வளரும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வடக்கைக் குறுக்கறுத்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. அப்படி ஒரு நாளில் வெள்ளம் நிற்கும் வீதிகளைக் குறித்து உடனே புதிய பக்கங்களை எடுக்க வேண்டியவர்கள் பிரதேச செயலகத்தில் இருப்பவர்கள். உரிமம் தேடி அலைய அவர்களுக்கு நேரமிருக்காது.

தீர்ப்பு

நீண்ட பாதைகளுக்கும் கரையோரத்துக்கும் சாய்வுத் தாள் வெட்டுவதிலும், அயல் பக்க எண்களை ஆயத்தமாகத் தருவதிலும் ஆர்க்ஜிஐஎஸ் புரோ மேலானது. அளவுத்திட்டத்தை ஒழுங்குபடுத்துவதிலும், பக்கத்துக்குப் பக்கம் தாளை மாற்றுவதிலும், கோவைகளால் எதையும் ஆட்டிவைப்பதிலும் கியூஜிஐஎஸ் மேலானது. தமிழிலும் ஆள்கூறுகளிலும் இரண்டும் சமம். மறுபதிப்பு என்ற அளவுகோலில் கியூஜிஐஎஸ் வெகுதூரம் முன்னே நிற்கிறது. மன்னாரைப் பொறுத்தவரை அந்த அளவுகோலே மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. ஆகவே மாவட்ட அட்லஸின் மூலக்கோப்பு கியூஜிஐஎஸிலும் ஜியோபேக்கேஜிலும் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. புரோ வைத்திருக்கும் அலுவலகங்கள் சுட்டுச் சட்டங்களை அதில் வெட்டி, ஜியோபேக்கேஜாக எல்லோருக்கும் கொடுக்கலாம். ஒருமுறை வெட்டிய சட்டங்களை எந்த மென்பொருளும் படிக்கும்.

மாவட்டத்தில் இந்தத் தரவைக் கையில் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். 153 பிரிவுகளின் எல்லைகளையும், ஊர் மக்களிடம் சரிபார்த்த யூனிகோடுத் தமிழ்ப் பெயர்களோடும் பிரிவுக் குறியீட்டு எண்களோடும், ஒரே ஜியோபேக்கேஜ் கோப்பாக வெளியிடுங்கள். அந்த ஒரு கோப்பு இருந்தால் மன்னாரின் அட்லஸை மன்னாராரே போட்டுக்கொள்வார்கள்.